‘கரண்ட்’ வைக்கும் முன் ஒன்பது நாள்: கம்ப்யூட்டர் எதைக் கணக்கிடுகிறது, எதைக் கணக்கிட முடியாது

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மற்ற வாசகர்களுக்காக அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு வயது 61, பெரம்பூரில் இருக்கிறீர்கள். நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய், மூன்றாம் நிலை. வாரத்தில் ஐந்து நாள் வீதம் 35 சிட்டிங் ‘கரண்ட்’, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து. மாஸ்க் எடுத்து முடித்துவிட்டு, ஒன்பது நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பில்லில் ‘சிமுலேஷன்’ என்று ஒரு தொகை. இஞ்சினியரிங் படிக்கும் தம்பி இணையத்தில் தேடி, கதிர்வீச்சு செல்லின் டி.என்.ஏ.வை எப்படி உடைக்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்க முடியும் என்று படித்திருக்கிறான். ‘அப்பாவோட விவரத்தையும் அதுல போட்டுப் பார்த்தா, குணமாகுமா, இந்த மருந்து ஒத்துக்குமான்னு முன்னாடியே தெரிஞ்சிடுமே, ஏன் செய்யல?’ என்பது அவன் கேள்வி. அம்மாவுக்கோ வேறு பயம்: ‘கம்ப்யூட்டர் தப்பா கணக்குப் போட்டா?’ கடைசி வரியில், உங்கள் நான்கு வயது மகள் தாத்தா பக்கத்தில்தான் தூங்குவாள், இனி தூங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் அல்ல, மருத்துவ இயற்பியலாளர். சென்னையில் இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கணக்குகளைப் போடுவதுதான் என் வேலை. அப்பாவுக்கு என்ன சிகிச்சை என்று முடிவு செய்ய வேண்டியவர் அவருடைய டாக்டர். கணக்கைப் பற்றி மட்டும் நான் சொல்லலாம்.

முதலில் அந்த பில். எங்கள் துறையில் ‘சிமுலேஷன்’ என்றால் நீங்கள் நினைக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு அல்ல. சிகிச்சை நாளில் அப்பா எப்படிப் படுப்பாரோ அப்படியே படுக்க வைத்து, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்து அச்சு எடுத்து, அதே நிலையில் சி.டி. ஸ்கேன் எடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். ஒரு வகையில் அது ஒத்திகை. தம்பி படித்தது வேறொரு சிமுலேஷன். பெயர் ஒன்று என்பதால் குழப்பம் வந்திருக்கிறது, அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

அந்த ஸ்கேன் எங்களிடம் வந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. மூன்று மில்லிமீட்டருக்கு ஒன்று வீதம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் டாக்டர் உட்கார்ந்து, கட்டி எது, நோய் பரவியிருக்கக்கூடிய நெறிகட்டிகள் எவை, தண்டுவடம் எங்கே, உமிழ்நீர்ச் சுரப்பி எங்கே, தாடை எலும்பு எங்கே என்று கையால் கோடு போடுவார். அப்புறம் நாங்கள் கம்ப்யூட்டரிடம் சொல்வோம்: கட்டிக்கு 70 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) கிடைக்க வேண்டும், தண்டுவடத்தின் எந்தப் புள்ளியும் 45, 50க்கு மேல் போகக் கூடாது, உமிழ்நீர்ச் சுரப்பியின் சராசரி 25ஐ ஒட்டியாவது நிற்க வேண்டும். இவை ஒன்றுக்கொன்று இழுக்கும் நிபந்தனைகள். கட்டி உமிழ்நீர்ச் சுரப்பியை ஒட்டியிருந்தால் இரண்டையும் முழுதாகத் திருப்திப்படுத்த முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்று டாக்டரும் நாங்களும் பேசி முடிவெடுப்போம். ஒரு பிளான் சரியாக வர சில சமயம் நாலைந்து முறை திரும்பப் போட வேண்டியிருக்கும். முடிந்ததும் அதே பிளானை ஆள் இல்லாமல், அளவுக் கருவி வைத்து மெஷினில் ஓட்டிப் பார்ப்போம். பகல் முழுக்க நோயாளிகள் இருப்பதால் இதற்குப் பெரும்பாலும் இரவுதான் கிடைக்கும். ஆகவே ஒன்பது நாள் என்பது அலட்சியம் அல்ல. இரண்டு வாரத்தைத் தாண்டினால் மட்டும் தயங்காமல் போய்க் கேளுங்கள்.

இந்த ஒன்பது நாளில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அப்பாவைப் பல் டாக்டரிடம் காட்டிவிட்டீர்களா? சொத்தைப் பல்லை இப்போது பிடுங்கினால் புண் ஆறிவிடும். தாடை எலும்பு கதிர்வீச்சு வாங்கிய பிறகு பிடுங்கினால் ஆறாமல் எலும்பே அழுகும் அபாயம் உண்டு, பல வருடம் கழித்தும் உண்டு. இன்னும் காட்டவில்லை என்றால் நாளையே கதிர்வீச்சு டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போய்க் காட்டுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். தாயம் ஆடியிருப்பீர்கள். கட்டையை உருட்டினால் அடுத்து தாயம் விழுமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பத்து லட்சம் முறை உருட்டினால் எத்தனை தாயம் விழும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். கதிர்வீச்சும் அப்படித்தான். மெஷினிலிருந்து வரும் ஒரு எக்ஸ்ரே துகள் அப்பாவின் கழுத்துக்குள் எங்கே மோதும், எந்தப் பக்கம் சிதறும் என்பது உருட்டிய கட்டை மாதிரி. அது மோதி ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிடும். அந்த எலக்ட்ரான் சில மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை ஓடி, வழியெல்லாம் சக்தியைச் சிந்திவிட்டு நிற்கும். கம்ப்யூட்டர் இப்படிக் கோடிக்கணக்கான துகள்களை ஒவ்வொன்றாக உருட்டி, சிந்திய சக்தியை எல்லாம் கூட்டுகிறது. 1946இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித அறிஞர், நோயிலிருந்து தேறிவரும்போது தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் ஜெயிக்கும் வாய்ப்பைச் சூத்திரம் போட்டுத் தேடுவதைவிட, நூறு முறை ஆடிப் பார்த்து எண்ணிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதைத்தான் அவரும் ஜான் வான் நாய்மனும் நிக்கோலஸ் மெட்ரோபோலிஸும் அணுக்கணக்குக்குக் கொண்டுபோனார்கள். உலாமின் மாமா ஒருவர் கடன் வாங்கியாவது சூதாடப் போவாராம். அவர் போகும் ஊரின் பெயரையே முறைக்கு வைத்தார்கள்: மான்டி கார்லோ. இன்று உங்கள் அப்பாவுக்கான பிளானைப் போடும் மென்பொருளில் ஓடுவது இந்த முறையாக இருக்கும், அல்லது இதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட வேகமான முறையாக இருக்கும்.

தொண்டைக்கு இது முக்கியம். மூச்சுக்குழாயில் காற்று, அதை ஒட்டிச் சதை, அடுத்து எலும்பு என்று அடர்த்தி மாறிக்கொண்டே இருக்கும் இடம் அது. பழைய முறைகள் காற்றுக்கும் சதைக்கும் நடுவில் தடுமாறும். உருட்டிக் கணக்கிடும் முறைக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது. எவ்வளவு அதிகமாக உருட்டுகிறோமோ அவ்வளவு துல்லியம். ஆனால் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உருட்ட வேண்டும், அவ்வளவு நேரமும் வேண்டும்.

அம்மாவின் பயத்துக்கு நேரான பதில் சொல்ல வேண்டும். தப்பு நடந்ததே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். 1985க்கும் 1987க்கும் நடுவில், அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற மெஷினில் மென்பொருள் பிழையால் ஆறு பேருக்கு அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சு போனது, சிலர் இறந்தார்கள். எங்கள் துறையில் படிப்பவர்கள் எல்லாருக்கும் அந்தக் கதை சொல்லித்தரப்படும், மறக்கக் கூடாது என்பதற்காகவே. அதனால்தான் ஒரு கம்ப்யூட்டர் போட்ட கணக்கை அப்படியே நம்புவதில்லை. வேறு மென்பொருளில் தனியாக ஒரு முறை கணக்கிடுகிறோம். மெஷினில் ஓட்டி அளந்து, கணக்கும் அளவும் பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன்பே மெஷின் எவ்வளவு கதிர்வீச்சு தருகிறது என்று அளக்கிறோம். முறையான தகுதியுள்ள இயற்பியலாளர் இல்லாமல் மெஷினை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிப்பதில்லை. போகவேண்டிய அளவுக்கும் உண்மையில் போகும் அளவுக்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக அளவில் பல பத்தாண்டுகளாக ஏற்றுக்கொண்ட இலக்கு. அம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால், ‘பிளானைச் சரிபார்த்த ரிப்போர்ட் இருக்கா?’ என்று அங்குள்ள இயற்பியலாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டோம். கேட்பவர்கள் குறைவு என்பதுதான் எங்கள் வருத்தம்.

இன்னொன்றையும் அம்மாவிடம் சொல்லுங்கள். கரண்ட் வைத்தால் உடம்பு சூடாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். ஒரு கிலோ சதையில் ஒரு ஜூல் சக்தி இறங்கினால் அது ஒரு கிரே. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 2 கிரே. அந்தச் சக்தி முழுதும் சூடாக மாறினாலும் சதையின் வெப்பம் ஒரு டிகிரியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். ஒரு வாய் காபி அதைவிட எத்தனையோ மடங்கு சூடு ஏற்றும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வாய்ப்புண் வரும், கழுத்துத் தோல் கறுக்கும். ஆனால் அது சூட்டினால் வருவதல்ல, வேகமாகப் பிரிந்து வளரும் செல்கள் சாவதால் வருவது. இளநீர் குடிக்கட்டும், நல்லதுதான், ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் சரியாக இருக்கும்வரை. சூட்டைத் தணிப்பதாகச் சொல்லிக் கழுத்தில் சந்தனம், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம்.

இவ்வளவு கொஞ்சம் சக்தி எப்படிச் செல்லைக் கொல்கிறது? தம்பி படித்த சிமுலேஷன் இதைத்தான் ஆராய்கிறது. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தை மையமாகக் கொண்டு, அணுத்துகள் சோதனைகளுக்காக எழுதப்பட்ட ஜியன்ட்4 என்ற மென்பொருள் ஒன்று உண்டு. விண்வெளி வீரர்களின் உடலுக்குக் கதிர்வீச்சு என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் தொடங்கிவைத்த முயற்சியால் அதில் டி.என்.ஏ. அளவுக்கு இறங்கிக் கணக்கிடும் பகுதி வளர்ந்தது. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பயன்படுத்தலாம். தம்பிக்கு ஆர்வம் இருந்தால் வீட்டு லேப்டாப்பிலேயே சின்னக் கணக்கு ஓட்டிப் பார்க்கலாம்.

அதில் தெரியும் காட்சி எனக்கு இன்றும் வியப்புதான். நம் செல்லில் பெரும்பகுதி தண்ணீர். ஓடும் எலக்ட்ரான் டி.என்.ஏ.வை நேராக அடிப்பதைவிடப் பக்கத்தில் உள்ள தண்ணீர் மூலக்கூறை உடைப்பதுதான் அதிகம். உடைந்த தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் என்ற ஒரு துண்டு பிறக்கிறது. அதன் ஆயுள் ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு. அதற்குள் அது நகரும் தூரம் சில நானோமீட்டர். டி.என்.ஏ. இழையின் தடிமனே 2 நானோமீட்டர்தான், ஆகவே ஒட்டிப் பிறந்தால்தான் அதனால் அடிக்க முடியும். எக்ஸ்ரே செய்யும் சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தண்ணீர் வழியாகத்தான் நடக்கிறது. 1 கிரே வாங்கிய ஒரு செல்லில், டி.என்.ஏ.வின் ஒற்றை இழை மட்டும் அறுந்த இடங்கள் ஆயிரம் வரை இருக்கும், இரண்டு இழையும் சேர்ந்து அறுந்த இடங்கள் 40 வாக்கில் இருக்கும். ஒற்றை இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் செல் தைத்துவிடும். இரண்டும் அறுந்தால்தான் கஷ்டம். தவறாகத் தைத்தால் அந்தச் செல் பிரியும்போது செத்துவிடக்கூடும்.

ஒரு சிட்டிங்குக்கு 2 கிரே என்றால், கட்டியைச் சுற்றி அதே அளவு வாங்கும் நல்ல செல்லிலும் 80 இரட்டை அறுப்பு விழுகிறது. நல்ல செல் அவற்றில் பெரும்பாலானவற்றை மறுநாள் காலைக்குள் தைத்துவிடும். புற்றுநோய் செல்லுக்குத் தைக்கும் திறமை பெரும்பாலும் குறைவு. 70 கிரேயை ஒரே நாளில் கொடுக்காமல் ஏழு வாரம் இழுப்பது இதற்காகத்தான். இந்த வேறுபாட்டுக்கு எங்களிடம் ஒரு பழைய சூத்திரம் உண்டு, அதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம், கால்குலேட்டர் போதும். ஒரே எலக்ட்ரான் இரண்டு இழையையும் அறுத்தால் சேதம் டோஸுக்கு ஏற்ப ஏறும். இரண்டு தனித்தனி அடிகள் சேர்ந்து அறுத்தால் டோஸின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். இந்த இரண்டுக்குமான விகிதம் தலை, கழுத்துக் கட்டிகளுக்கு 10 வாக்கிலும், நரம்பு போல மெதுவாகப் பாதிப்பைக் காட்டும் திசுவுக்கு 3 வாக்கிலும் வைத்துக் கணக்கிடுகிறோம். விகிதம் சின்னதாக இருந்தால் வர்க்கத்தின் பங்கு பெரிது என்று அர்த்தம், அதாவது டோஸைக் குறைத்தால் அங்கே சேதம் வேகமாகக் குறையும். சிறு சிறு அளவாகக் கொடுத்தால் தண்டுவடம் தப்பிக்கும், கட்டி தப்பிக்காது என்பது அந்த எண்களில் இருக்கிறது.

இனி தம்பி கேட்டது. அப்பாவின் விவரத்தைப் போட்டால் ஏன் விடை வராது? ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குகூட இல்லாத, செல்லின் நடுவில் உள்ள உட்கருவுக்குள் இரண்டு மீட்டர் டி.என்.ஏ. சுருண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரே ஒரு உட்கருவில் நடப்பதை முழுமையாக ஓட்டவே பெரிய கம்ப்யூட்டர் வேண்டும். அது கிடைத்தாலும், அறுப்பு விழுவது வரைதான் இயற்பியல். அதன் பிறகு அந்தச் செல்லின் பழுதுபார்க்கும் புரதங்கள் எப்படி, அந்த இடத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, எதிர்ப்புச் சக்தி எப்படி என்பதெல்லாம் ஆளுக்கு ஆள், ஒரே கட்டிக்குள் இடத்துக்கு இடம் மாறும். நாங்கள் சொன்ன அந்த 10, 3 எல்லாம் ஏற்கெனவே சிகிச்சை பெற்ற பலரைப் பார்த்துப் பெற்ற சராசரிகள்.

நுங்கம்பாக்கம் வானிலை மையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்று அவர்கள் திறமையாகச் சொல்கிறார்கள். ‘சென்னையில் ஓரிரு இடங்களில் கனமழை’ என்கிறார்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று மணிக்குப் பெய்யுமா என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. அப்பாவின் கழுத்தில் எந்த இடத்தில் எவ்வளவு கதிர்வீச்சு விழும் என்று எங்களால் மிக நெருக்கமாகச் சொல்ல முடியும். அதனால் அவர் குணமாவாரா என்று அவர் ஒருவருக்காகச் சொல்லும் கணக்கு இன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. அப்படிச் சொல்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மருந்து விஷயமும் கிட்டத்தட்ட இதே கதைதான். சிஸ்பிளாட்டின் கம்ப்யூட்டரில் பிறந்த மருந்து அல்ல. 1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர் மின்சாரம் பாய்ந்தால் பாக்டீரியா என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா பிரியாமல் நீள நீளமாக வளர்ந்தது. மின்சாரம் காரணம் இல்லை, மின்முனையில் இருந்த பிளாட்டினம் கரைந்து உண்டான பொருள்தான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார். 1978இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. அதிலுள்ள பிளாட்டினம் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குவானின் எழுத்துகளைப் பிடித்துக் கட்டிவிடும். இழை அங்கே வளைந்து நிற்கும். ஏற்கெனவே கதிர்வீச்சு அறுத்த இடத்தைத் தைக்க வரும் புரதங்களுக்கு இது பெரிய இடைஞ்சல். இதற்காகத்தான் இரண்டையும் ஒரே காலத்தில் கொடுக்கிறார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு மருந்தும் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், ஐந்து வருடம் உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு ஆறேழு பேர் கூடுகிறார்கள். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். வருடத்துக்கு எத்தனை குடும்பங்கள் என்று நினைத்தால் எனக்கு அது சின்னதாகத் தெரியவில்லை.

புது மருந்துகளைத் தேடுவதில் இன்று கம்ப்யூட்டர் பெரிய வேலை செய்கிறது. ஒரு புரதத்தின் பள்ளத்தில் எந்த மூலக்கூறு பொருந்தி உட்காரும் என்று லட்சக்கணக்கானவற்றை வடிகட்டித் தருகிறது. அந்தக் கணக்குக்கு அடிப்படையான பாடங்களில் ஒன்று நம் ஊரில் எழுதப்பட்டது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், தன் மாணவர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து, ஒரு புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எந்தக் கோணங்களில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று ஒரு வரைபடம் போட்டார். புரதத்தின் வடிவம் சரியா என்று பார்க்க இன்றும் உலகம் முழுக்க முதலில் எடுப்பது அந்த ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான். நான் படித்தது கிண்டியில் பக்கத்து வளாகத்தில். அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். தம்பிக்கு இதைச் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும்.

ஆனால் கம்ப்யூட்டர் வடிகட்டியது சோதனைக்கூடம், விலங்கு, பிறகு மனிதர்கள் என்று ஒவ்வொரு படியையும் தாண்ட வேண்டும், அதற்கு வருடங்கள் ஆகும். அப்பாவுக்கு சிஸ்பிளாட்டின் ஒத்துக்குமா என்பதைச் சொல்வது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் எவ்வளவு என்பதும் காது பரிசோதனையும்தான். சிறுநீரகத்தையும் காதையும் அது பாதிக்கக்கூடும். மருந்து ஏற்றும் நாளிலும் அடுத்த நாளிலும் டாக்டர் சொன்ன அளவு தண்ணீர் குடிக்க வேண்டும். வலிக்கிறது என்று மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், அவற்றில் பல சிறுநீரகத்தை இன்னும் சிரமப்படுத்தும். யார் சொன்னாலும் கஷாயமும் இப்போது வேண்டாம். காதில் இரைச்சல், சிறுநீர் குறைவது இரண்டையும் உடனே சொல்லுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

தரமணியில் புரோட்டான் மையம் இருக்கிறதே, அங்கே போகலாமா என்றும் தம்பி கேட்டிருந்தான். 2019இல் தொடங்கியது அது. புரோட்டான் ஒரு ஆழத்தில் போய்ச் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும், அதற்குப் பின்னால் உள்ள திசு தப்பிக்கும். சில நோய்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அது பெரிய வரம். அப்பாவுக்கு எவ்வளவு கூடுதல் பலன் என்பதை டாக்டரிடம் ஒரு முறை கேளுங்கள். அதற்காகக் கடன் தேடிக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி உங்களிடம் நான் கேட்க விரும்புவது. எங்கள் கணக்கு அப்பாவைப் பற்றிச் சில விஷயங்களை நம்பித்தான் நிற்கிறது. ஸ்கேன் எடுத்த அன்று இருந்த உடம்புதான் ஏழு வாரமும் இருக்கும் என்று நம்புகிறது. விட்டுப்போகாமல் வருவார் என்று நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது கம்ப்யூட்டர் கையில் இல்லை, வீட்டில் இருக்கும் உங்கள் கையில் இருக்கிறது.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மீனவர் சிகிச்சைக்கு வந்தார். நான்காவது வாரம் மாஸ்க்கை மாட்டும்போது கன்னத்துக்கும் வலைக்கும் நடுவில் என் விரல் நுழைந்தது. ஏழு கிலோ இறங்கியிருந்தார். விழுங்க முடியவில்லை என்று சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, மூன்று வாரமாக வீட்டில் மறைத்திருக்கிறார்கள். கழுத்து சுருங்கினால் உமிழ்நீர்ச் சுரப்பி உள்பக்கமாக நகர்ந்து, கதிர்வீச்சு அதிகம் விழும் இடத்துக்கு வந்துவிடும். முதல் நாள் போட்ட துல்லியமான கணக்கு அந்த உடம்புக்குப் பொருந்தாது. புதிதாக மாஸ்க், ஸ்கேன், பிளான் எல்லாம் போட்டோம். வாரா வாரம் எடையைக் கேட்டு எழுதி வைக்காமல் இருந்தது எங்கள் பக்கத் தவறு. அன்றிலிருந்து திங்கட்கிழமை எடை பார்க்காமல் நான் யாரையும் உள்ளே விடுவதில்லை.

அதனால் நீங்களும் திங்கட்கிழமைதோறும் எடை பாருங்கள். ராகிக்கூழ், பருப்பு மசித்த குழைசாதம், முட்டை, தயிர் என்று இறங்குவதை எல்லாம் கொடுங்கள். காரம், ஊறுகாய் வேண்டாம். வாயால் முடியாவிட்டால் மூக்குக் குழாய் போடுவார்கள். அதைத் தோல்வி என்று அப்பா நினைக்கக் கூடாது, நீங்களும் நினைக்கக் கூடாது. தாடியோடு மாஸ்க் எடுத்தாரா, மழித்து எடுத்தாரா? எப்படி எடுத்தாரோ அப்படியே கடைசி வரை இருக்கட்டும். மாஸ்க் போட்டதும் மூச்சு முட்டுவது போல் பயம் வந்தால் கையை உயர்த்தச் சொல்லுங்கள். வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

நாள் தவறக் கூடாது என்பதை எவ்வளவு அழுத்திச் சொல்வது என்று தெரியவில்லை. நாலாவது வாரம் வாக்கில், தப்பிப் பிழைத்த புற்றுநோய் செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது. அமாவாசை, சொந்தத்தில் கல்யாணம், ‘இன்னிக்கு ரொம்ப அசதியா இருக்கு’, எதுவும் காரணம் ஆகக் கூடாது. மழைக் காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எந்த வழியாகப் போவது என்று இப்போதே யோசித்து வையுங்கள். மெஷின் பழுதாகி ஒரு நாள் போய்விட்டால், அதை எப்படி ஈடு செய்வீர்கள் என்று கேளுங்கள். சனிக்கிழமை வைக்கலாம், அல்லது குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு சிட்டிங் கொடுக்கலாம்.

கடிதத்தில் ‘அப்பா பீடியை விட்டுட்டார்னு நினைக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘நினைக்கிறேன்’ எனக்கு உறுத்துகிறது. தண்ணீர் உடைந்து டி.என்.ஏ.வை அடிப்பதைச் சொன்னேன் அல்லவா? அந்த அடியை நிலைக்க வைப்பது ஆக்சிஜன். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அதே சேதத்தைச் செய்ய மூன்று மடங்கு வரை கதிர்வீச்சு வேண்டும். பீடிப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பீடி பிடித்துவிட்டு மெஷினில் படுத்தால், வாங்கும் கதிர்வீச்சில் ஒரு பங்கை அவரே வீணாக்குகிறார். திட்டாமல், இந்தக் காரணத்தை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் லேத்தில் நின்றவர் என்று எழுதியிருந்தீர்கள். அளவு பிசகினால் என்ன ஆகும் என்று நம்மைவிட அவருக்கு நன்றாகப் புரியும்.

குட்டிப் பெண் தாத்தா பக்கத்தில் தாராளமாகத் தூங்கலாம். மெஷினை நிறுத்திய கணமே கதிர்வீச்சு நின்றுவிடும், அவர் உடம்பில் எதுவும் தங்காது, அவரைத் தொட்டால் யாருக்கும் ஒட்டாது. சிஸ்பிளாட்டின் ஏற்றிய பிறகு இரண்டு நாள் மட்டும் அவர் பயன்படுத்திய கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள், வாந்தி எடுத்தால் கையுறை போட்டுத் துடையுங்கள், குழந்தையை அந்தப் பக்கம் விடாதீர்கள். வாய்ப்புண் வந்த பிறகு தாத்தாவுக்குப் பேசச் சிரமமாக இருக்கும். ராத்திரி கதை கேட்டால், இந்த ஏழு வாரம் அவள் சொல்லட்டும், தாத்தா கேட்கட்டும்.